பானுப்பிரியா அடிக்காத ‘ஒய்’

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்கிற கம்பெனி ஒன்றில், சோதனை அறைக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மவுஸ் கிடையாது. புதிதாக வேலைக்கு வருகிற எஞ்சினியர்கள் அதைப் பார்த்ததும் செல்போனில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டுச் சிரிப்பார்கள். அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பானுப்பிரியாவிடம், “அக்கா, இது இன்னுமா உயிரோட இருக்கு?” என்று கேட்பார்கள்.

“நானும்தான் உயிரோட கீறேன். என்னய ஒரு போட்டோ புடிக்கலியே?” என்பாள் பானு.

பானுவுக்கு நாற்பதை நெருங்குகிறது வயது. பிறந்தது செம்பரம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில். அப்பா துலுக்கானம் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர். அந்தக் கழனியை விற்று, மண்ணடித்து, குடோன் கட்டினார்கள். அப்பா அதே இடத்தில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வாட்ச்மேனாக நின்றார். நிலம் போச்சே என்று அவர் ஒரு நாளும் அழவில்லை. அது என்றைக்கு அவர் நிலமாக இருந்தது, அழுவதற்கு? வெயிலில் குனிவதற்குப் பதில் நிழலில் நாற்காலி கிடைத்ததே என்றுதான் சந்தோஷப்பட்டார்.

அந்த வீட்டில் பெண்பிள்ளையிடம் எதையும் கேட்கிற வழக்கம் இல்லை. சோறு எவ்வளவு வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டார்கள், போடுவார்கள். பத்தொன்பது வயதில் பானுவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை திருவள்ளூர்ப் பக்கம். பஜ்ஜி தின்று முடித்ததும் மாப்பிள்ளையின் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, “பொண்ணுக்குச் சம்மதமா?” என்று கேட்டார். கேட்டது என்னவோ சரிதான். ஆனால் கேட்டது பெரியப்பாவைப் பார்த்து. பெரியப்பாவும், “எங்க பொண்ணு எங்க பேச்ச தட்டாது. சம்மதம்தான்” என்று தாம்பூலத் தட்டை நீட்டிவிட்டார்.

உள்ளேயிருந்து பானு வெளியே வந்தாள். “சம்மதம் சொன்னது பெரீப்பாதான? அப்ப அவரயே இட்டுகினு போங்க” என்றாள்.

கூட்டம் கலைந்தது. பெரியப்பா அதற்குப் பிறகு பல வருஷம் அவளோடு பேசவில்லை. பானு அதை ஒரு நஷ்டமாகவே நினைக்கவில்லை. பின்னால் கஜபதி என்கிற லோடு வண்டி டிரைவர், கரையான்சாவடி பஸ் ஸ்டாப்பில் நேருக்கு நேர் நின்று, வேர்த்து விறுவிறுத்து, “ஒனக்கு என்னப் புடிச்சிருக்கா?” என்று கேட்டான். “யோசிச்சிச் சொல்றேன்” என்றாள். யோசித்துத்தான் சரி என்று சொன்னாள். பாவம், அதற்குள் அவன் இளைத்துப் போனான்.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் படித்தாள். முன்வரிசையில் புதுக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. வண்ண வண்ணமாகப் படம் வரும். அங்கே உட்காரச் சீக்கிரம் வந்தாக வேண்டும். வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிற பானுவுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. அங்கே கறுப்புத் திரை. மற்ற பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். பானுவுக்கோ அந்தக் கறுப்புத் திரைமேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். ஃபைல்களை மொத்தமாக அழிக்கச் சொன்னால், அது உடனே அழிக்காது. நிச்சயம்தானா, ‘ஒய்’யா ‘என்’னா, அதாவது யெஸ்ஸா நோவா என்று கேட்கும். கேட்டுவிட்டு, ஒரு சின்னக் கோடு மினுக்கு மினுக்கு என்று அடித்துக்கொண்டு, அவள் பதிலுக்காக நிற்கும். அவள் டீ குடித்துவிட்டு வந்தாலும் நிற்கும். அவள் பதிலுக்காக அதுவரை உலகத்தில் எதுவும் நின்றதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் இன்னொரு வித்தை உண்டு. ஒரு புரோகிராம் சொல்வதை இன்னொரு புரோகிராமின் காதில் ஊற்றலாம். நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டால் போதும். தண்ணீர் லாரியில் ஒருத்தி குடத்தைப் பிடித்துக் கொடுக்க, அடுத்தவள் வாங்கி வண்டியில் வைப்பாளே, அந்த மாதிரி. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று பேசும், அந்தப் பக்கம் ஒன்று கேட்டுக்கொள்ளும். கோட்டுக்குப் பதிலாக அம்புக்குறி போட்டால், பேச்சு பிரிண்டருக்குப் போகும், அல்லது ஒரு ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அம்பைத் திருப்பிப் போட்டால் ஃபைலில் இருப்பது புரோகிராமின் காதுக்கு வரும். இப்படிப்பட்ட கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டால் அதற்குப் பேட்ச் ஃபைல் என்று பெயர். ஒரு பெயரைத் தட்டினால் வரிசையாக எல்லாம் நடக்கும்.

இந்தப் படிப்பு எந்த ஐ.டி. கம்பெனி வாசலிலும் செல்லாது என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் எஸ்டேட்டில் ஒரு ஸ்பிரிங் கம்பெனி, வெளிநாட்டிலிருந்து வாங்கிய சோதனை மெஷினை வைத்துக்கொண்டு, அதன் கறுப்புத் திரைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. பானு போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

வேலை இதுதான். பைக்கின் பிரேக்குக்குள் போகிற ஸ்பிரிங்கை மெஷினில் வைக்க வேண்டும். காலால் பெடலை மிதித்தால் மெஷின் ஸ்பிரிங்கை அமுக்கி, அது எவ்வளவு பலமாகத் திருப்பித் தள்ளுகிறது என்று அளக்கும். அளவு சரியாக இருந்தால் கம்ப்யூட்டர் பேசாமல் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். அளவு தப்பினால், ‘எல்லைக்கு வெளியே. ஏற்கலாமா? ஒய் / என்’ என்று கேட்டுவிட்டு நிற்கும். அப்போது பானு ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பார்ப்பாள். சாய்வாக உட்கார்ந்திருந்தால் நேராக வைத்து மறுபடி மிதிப்பாள். அளவு எல்லைக்கோட்டின் மேலேயே நின்றால் விரலால் தடவிப் பார்த்து, யோசித்து, ஒய் அடிப்பாள். இல்லையென்றால் ‘என்’. ‘என்’ அடித்த ஸ்பிரிங் சிவப்புத் தொட்டிக்குப் போகும். அதைத் திருப்பி எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை.

புரோகிராம் ஆரம்பிக்கும்போது முதல் கேள்வியாக ஆப்பரேட்டர் நம்பரைக் கேட்கும். கம்பெனியில் ஆளுக்கொரு நம்பர். பானுவுக்கு 214. அந்த நம்பரைக் கொடுத்தால்தான் மெஷின் அசையும். தேறிய ஸ்பிரிங்குகளின் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பிரிண்டர் ஒரு லேபிள் துப்பும். அதில் தேதியும், ‘ஓகே’ என்கிற வார்த்தையும், அதற்குக் கீழே 214 என்றும் இருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரே பேட்ச் ஃபைலாகக் கோத்து வைத்தவள் பானு. ஒவ்வொரு தட்டு ஸ்பிரிங்கும் முடிந்ததும் கணக்கைச் சேமிக்கிற புரோகிராம், ‘பழைய ஃபைல் மேல் எழுதலாமா?’ என்று நச்சரிக்கும். பதில் எப்போதும் ஒய்தான். அதனால் ஒரு ஒய்யை எழுதி, பக்கத்தில் நெட்டுக்கோடு போட்டு, அந்தப் புரோகிராமின் காதில் தானாக ஊற்றும்படி செய்துவிட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். காட்டாமல் இருந்திருக்கலாம்.

குவாலிட்டி மேனேஜர் சரவணக்குமாரும் அதைப் பார்த்திருந்தார். அவர் நாமக்கல்காரர். அய்யப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியிருக்கிறார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தீபாவளிக்கு எல்லோருக்கும் கை கொடுப்பார், பானுவின் மகள் நிஷாவுக்குப் பிளஸ் டூவில் என்ன மார்க் என்று ஞாபகமாக விசாரிப்பார். சரக்கு ஏற்ற லாரி வந்து வாசலில் நிற்கிற வரைக்கும் அவரைப்போல் நல்லவர் கிடையாது.

ஒரு வாரம் வந்த கம்பி சரியில்லை. சூளையில் அதைச் சூடேற்றிய பக்குவமும் தப்பிவிட்டது. ஸ்பிரிங் எல்லாம் பார்க்க லட்சணமாக இருந்தன. ஆனால் அமுக்கினால் மெத்தென்று அமுங்கின. வெள்ளிக்கிழமை காலையில் பானு பெடலை மிதிக்க மிதிக்க, கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் ‘என்’ அடித்துக்கொண்டே இருந்தாள். சிவப்புத் தொட்டி நிரம்பி, இன்னொரு தொட்டி கொண்டுவரச் சொன்னாள்.

தொட்டி வரவில்லை. சரவணக்குமார் வந்தார்.

“ஏம்மா பானு, இப்படியே போனா மத்தியானம் லாரிக்கு என்ன ஏத்தறது?”

“இன்னாத்த ஏத்தறது சார்? சூளைல போட்டவங்களத்தான் கேக்கணும்.”

“ரொம்பக் கம்மியா இல்லியே. கொஞ்சம்தானே தள்ளி நிக்குது. கஸ்டமர் போன் மேல போன் போடறான். அவன் ஃபேக்டரி லைன் நின்னுடும்ங்கறான்.” அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலை இறக்கினார். “நீ சேமிக்கிற கேள்விக்கு ஒரு ஒய் போட்டு வச்சிருக்க பாரு, தானா போற மாதிரி. அதே மாதிரி இந்தக் கேள்விக்கும் போட்டுடேன். இன்னிக்கி ஒரு நாளைக்கி. உனக்கும் கை வலி மிச்சம்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பானு தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“கை வலிக்கல சார்.”

“புரிஞ்சுக்கோம்மா.”

“புரியுது சார். அது பழைய கணக்கு மேல எழுதட்டுமான்னு கேக்குது. தெனம் ஒரே கேள்வி, ஒரே பதிலு. என் கேள்விக்கு நான் பதில் எழுதி வச்சேன். இது அப்டி இல்ல. ஒவ்வொரு ஸ்பிரிங்கா காட்டி, இத்த வுடலாமான்னு கேக்குது. பாக்காமயே வுடலாம்னு எப்டி சார் சொல்றது?”

“அப்ப போட மாட்ட?”

“மாட்டேன் சார்.”

சரவணக்குமாரின் முகம் சிவந்தது. கத்தவில்லை. கத்தாமலேயே, “சரி, நீ இன்னிக்கி பாக்கிங்குக்குப் போ. ராகேஷ் பாத்துப்பான்” என்றார்.

ராகேஷ் போன வருஷம் சேர்ந்த எஞ்சினியர். கெட்டிக்காரன். கறுப்புத் திரையைப் படம் பிடித்துச் சிரித்தவர்களில் அவனும் ஒருவன். ஆனாலும் ஒரு வாரத்தில் அதன் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டவன். பானு எழுந்து நாற்காலியைக் காட்டினாள். அவன் அவள் கண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்தான். “சாரிக்கா” என்றான். சாரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாக்கிங் பகுதியில் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தார்கள். பானுவைப் பார்த்ததும் கண்ணம்மா என்கிற மூத்தவள் நகர்ந்து இடம் விட்டாள். “இன்னாடி, மேடம் எறங்கி வந்துகினு கீற?” என்று கேலி செய்தாள். பானுவும் சிரித்தாள். உள்ளே எரிந்தது. இருந்தாலும், போகட்டும், என் கையால் நான் தப்பு செய்யவில்லை, அந்த மட்டுக்கும் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை.

அந்தத் தேறுதல் டீ நேரம் வரைக்கும்கூட நிற்கவில்லை. சோதனை அறையிலிருந்து பாக்கெட்டும் லேபிள் சுருளும் வந்தன. பானு முதல் லேபிளை உரித்து, பாக்கெட்டில் ஒட்டப் போனவள் அப்படியே நிறுத்தினாள். ‘ஓகே’ என்று இருந்தது. கீழே 214 என்று இருந்தது.

அடுத்ததை உரித்தாள். 214. சுருளைப் பிடித்து இழுத்தாள். அது தரையில் உருண்டு ஓடியது. ஓடிய இடமெல்லாம் 214.

“நான் இங்க கீறேன்” என்றாள் பானு சத்தமாக. “அங்க யாரு 214?”

கண்ணம்மா மெதுவாக, “ஒட்டுடி. ஒனக்கு இன்னாத்துக்கு வம்பு? யாரு பாக்கப் போறாங்க?” என்றாள்.

பானுவுக்குக் கோபம் பொங்கியது. மாட்டேன் என்று அவள் வாயால் சொன்னாள். அதைக் கேட்டுக்கொண்டே, அவளைக் கிளப்பிவிட்டு, அவள் பெயரால் சரி என்று எழுதியிருக்கிறார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். நாளைக்கு யாரோ ஒருத்தன் பிரேக்கைப் பிடித்து, அது பிடிக்காமல் போனால், லேபிளைத் தேடி எடுப்பார்கள். அதில் சரவணக்குமாரின் முகம் இருக்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவள் சுருளைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். மெஷின்களுக்கு நடுவே அவள் நடந்து போனபோது லேபிள் வால்போலத் தரையில் இழுபட்டு வந்தது. வேலை செய்துகொண்டிருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சோதனை அறையில் ராகேஷ் ஒரு கையில் செல்போனைப் பார்த்துக்கொண்டு, மறுகையால் ஸ்பிரிங்கை வைத்து எடுத்துக்கொண்டு, பெடலை மிதித்துக்கொண்டிருந்தான். திரையில் கேள்வி வந்தது. வந்த சூட்டோடு பக்கத்தில் ஒய் என்று தானாக விழுந்தது. மறுபடி கேள்வி, மறுபடி ஒய். இத்தனை வருஷத்தில் அந்தச் சின்னக் கோடு மினுக்காமல் ஓடுவதை பானு பார்த்ததே இல்லை. அது யாருக்காகவும் நிற்கவில்லை.

அவள் குனிந்து, கீபோர்டில் ‘என்’ எழுத்தை ஓங்கிக் குத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி குத்தினாள்.

“அது கேக்காதுக்கா” என்றான் ராகேஷ். “ஃபைல்ல இருந்து பதில் வாங்கிக்கச் சொல்லி அம்பு போட்டிருக்கேன். கீபோர்டப் பாக்காது.”

பானு சுவரிலிருந்த சுவிட்சைத் தட்டினாள். திரை அணைந்தது. மறுபடி போட்டாள். கம்ப்யூட்டர் முனகி, எழுந்து வந்தது. ராகேஷைத் தாண்டிக் கையை நீட்டி, அவன் எழுதிய ஃபைலைத் திரைக்குக் கொண்டுவந்தாள். முதல் வரியில் 214. அதற்குக் கீழே ஒய். அதற்குக் கீழே ஒய். திரை நிரம்பி, மேலே ஏறி, இன்னும் இன்னும் ஒய்யாக வந்துகொண்டே இருந்தது.

“மொத கேள்வி நம்பர் கேக்குமேக்கா. அதுக்கும் பதில் ஃபைல்லதானே இருக்கணும்? உங்க நம்பர்தான் எனக்கு ஞாபகத்துல இருந்துச்சு” என்றான் அவன்.

“ஒன் நம்பரு ஞாபகத்துல இல்லியா?”

ராகேஷ் செல்போனைப் பைக்குள் வைத்தான்.

அதற்குள் சரவணக்குமார் வந்துவிட்டார். வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். “என்ன இது? யார் மெஷின நிறுத்தினது?”

“நான்தான் சார்.”

“பாக்கிங்ல இருக்கச் சொன்னேனா இல்லியா?”

“இருந்தேன் சார். என் நம்பரு மட்டும் இங்கியே குந்திகினு வேல பாக்குது. அத்த இட்டுகினு போலாம்னு வந்தேன்.” பானு லேபிள் சுருளை மேஜைமேல் வைத்தாள். “நான் மாட்டேன்னு சொன்னது ஒங்க காதுல வியுந்துச்சா இல்லியா சார்? மாட்டேன்னு சொன்ன ஆளு பேர்ல சரின்னு எயுதிக் குடுத்துட்டீங்களே. இது இன்னா நாயம்?”

சரவணக்குமார் சுருளைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். அவர் இதைக் கவனித்திருக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வேலை முடிகிறதா என்று பார்த்தாரே ஒழிய, யார் பேரில் முடிகிறது என்று பார்க்கவில்லை. அதிகாரிகளுக்கு வழக்கமாக நேர்கிற மறதிதான்.

“சரி, நம்பர்தானே உனக்குப் பிரச்சன? ராகேஷ், அந்த வரிய மாத்து. உன் நம்பரப் போடு.”

ராகேஷ் எழுந்தே நின்றுவிட்டான். “சார், நான் இன்னும் டிரெய்னி சார். டிரெய்னி நம்பர்ல லேபிள் போகக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க...”

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். நழுவியதோடு விட்டிருக்கலாம். அவனுக்கு உதவி செய்கிற குணம். “உங்க நம்பர் போட்டுடட்டுமா சார்?” என்று கேட்டான்.

சரவணக்குமார் அவனை முறைத்தார். வெளியே மறுபடி ஹாரன் கேட்டது.

“ஆயிரம் ஒய் எயுதி வச்சிகினு கீறீங்க” என்றாள் பானு. “அதுக்கு மேல போட ஒரு நம்பரு கெடைக்கலியே சார்.”

“ரொம்பப் பேசற பானு. வேலைய விட்டு அனுப்பிடுவேன்.”

“அனுப்புங்க சார். வேலைய எட்த்துக்கோங்க. ஆனா என் நம்பர இந்த ஃபைல்ல வுட்டுட்டுப் போவ மாட்டேன். நாளைக்கு என் ஊட்டுக்காரரு பைக்ல என் பொண்ண ஏத்திகினு குமணன்சாவடி சிக்னல்ல பிரேக் புடிப்பாரு. அங்க லாரி எப்டி வரும்னு ஒங்களுக்குத் தெரியும். அந்த வண்டில இந்த ஸ்பிரிங்கு இருந்தா நான் யாரப் போயி கேக்கறது? லேபிள எட்த்துப் பாத்தா என் நம்பருதான் கீது. என்னயேவா போயி கேட்டுக்கறது?”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. அழுகை வந்ததற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, கீபோர்டுக்குக் குனிந்து, அந்த ஃபைலை அழிக்கிற கட்டளையை அடித்தாள். எத்தனை ஒய் இருந்தால் என்ன, ஒற்றை ஃபைல்தானே, கேள்வி கேட்காமல் ஒரு நொடியில் போய்விட்டது. பிறகு அளக்கிற புரோகிராமைப் புதிதாக ஆரம்பித்தாள். அது முதல் கேள்வியைக் கேட்டது. ஆப்பரேட்டர் நம்பர்? சின்னக் கோடு மினுக்கிக்கொண்டு நின்றது.

பானு நகர்ந்து நின்று, நாற்காலியை சரவணக்குமாரின் பக்கம் தள்ளினாள்.

“குந்துங்க சார். சரின்னு சொல்றவங்க குந்தி, சரின்னு சொல்லுங்க. ஒங்க நம்பரு, ஒங்க கை. நான் ஒவ்வொண்ணா எடுத்து வெச்சித் தரேன்.”

கோபத்தில்தான் அவர் உட்கார்ந்தார். “நான் பண்ண மாட்டேன்னு நெனச்சியா?” என்று சொல்லிக்கொண்டே தன் நம்பரை அடித்தார். 31. பானு தட்டிலிருந்து ஒரு ஸ்பிரிங்கை எடுத்து மெஷினில் நேராக நிறுத்தி வைத்தாள். அவர் பெடலை மிதித்தார். மெஷின் இறங்கி, அமுக்கி, ஏறியது.

‘எல்லைக்கு வெளியே. ஏற்கலாமா? ஒய் / என்.’

சரவணக்குமாரின் விரல் ஒய்யின் மேல் போய் நின்றது. அழுத்தினால் கேட்க யாருமில்லை. அவர் மேனேஜர். ராகேஷ் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பானு மட்டும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவில்லை.

“நீ போம்மா” என்றார் அவர்.

“இல்ல சார். நான் பாக்கணும்.”

அவர் ஸ்பிரிங்கை மெஷினிலிருந்து எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கிப் பார்த்தார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு கையில் எடுத்துப் பார்க்கிறாரோ தெரியாது. அது மெத்தென்று அமுங்கியது. மறுபடி அமுக்கினார். பிறகு அதை மேஜைமேல் வைத்துவிட்டு, ‘என்’ அடித்தார்.

பானு அடுத்த ஸ்பிரிங்கை எடுத்து வைத்தாள். அதற்கும் ‘என்’. அதற்கடுத்ததை அவள் வைப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

“இன்னிக்கி லாரி இல்லன்னு போய்ச் சொல்லு” என்றார் ராகேஷிடம். “கட்டின பாக்கெட்டு எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லு.” வாசல்வரை போனவர் திரும்பி பானுவைப் பார்த்தார். தோற்ற மனிதனுக்கு ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. “திங்கட்கிழமையிலேர்ந்து நீ இந்த ரூமுக்கு வர வேணாம். பாக்கிங்லயே இரு. உன் எடத்துக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்.”

அன்று சாயங்காலம் கஜபதி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கொஞ்சம் அட்ஜஸ் பண்ணிகினு போலாம்ல?” என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். “இல்ல, சும்மா கேட்டேன்” என்று சட்டென்று கேஸ் அடுப்புப் பக்கம் போய்விட்டான். நிஷா மட்டும், “அப்ப திங்கக்கெழம என்னம்மா பண்ணுவ?” என்று கேட்டாள். “வேலைக்குப் போவேன்” என்றாள் பானு.

சனி, ஞாயிறு முழுவதும் சரவணக்குமார் போனில் ஆள் தேடியிருக்கிறார். பிரஸ் செக்‌ஷனில் ஒருவனைக் கேட்டாராம். அவனுக்குக் கண் மங்கலாகத் தெரிகிறதாம். இன்னொருவனுக்கு மேஜை வேலை பார்த்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம். கண்ணம்மாவையே கேட்டிருக்கிறார். “எனக்கு இங்கிலீஷ் எய்த்து தெரியாது சார்” என்றாளாம் அவள். பத்தாவது பாஸ் செய்தவள். வெள்ளிக்கிழமை நடந்தது அதற்குள் கம்பெனி முழுக்கப் பரவியிருந்தது; அந்த நாற்காலிக்குத் தன் நம்பரைக் கொடுக்க யாரும் தயாராக இல்லை.

திங்கட்கிழமை காலையில் பானு வந்தாள். பாக்கிங் பக்கம் திரும்பாமல் நேராகச் சோதனை அறைக்குப் போனாள். நாற்காலி காலியாக இருந்தது. புதுக் கம்பியில் செய்த ஸ்பிரிங்குகள் தட்டில் நிரம்பிக் காத்திருந்தன. வாசலில் சரவணக்குமார் நின்றுகொண்டிருந்தார்.

“உன்ன பாக்கிங்குக்குப் போகச் சொன்னேனே?”

“போறேன் சார்” என்றாள் பானு. “இந்த எடத்துல குந்தப் போறவங்க நம்பர சொல்லுங்க. அடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்.”

சொல்வதற்கு அவரிடம் நம்பர் எதுவும் இல்லை. பானு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, தன் நம்பரை அடித்தாள்.